கூட்டாகச் சேர்ந்து டர்போ மேனிஃபோல்டு செய்து வாங்குவது எப்படி: ஆள் சேர்ப்பதிலிருந்து பார்சல் கட்டுவது வரை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறை. மாருதி எஸ்டீமுக்கு டர்போ மாட்ட ஒரே ஒரு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேண்டும் என்று போய் நின்றேன். இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டிலிருந்து வரும் புகையைக் குழாய்களில் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோவதுதான் அது. அந்தப் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ. அண்ணன் விலையைச் சொன்னதும் எனக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, ஒண்ணு செஞ்சாலும் பத்து செஞ்சாலும் ஜிக் ஒண்ணுதானுங்க. அந்தக் காசை நீங்க ஒருத்தரே குடுக்கறீங்க, அதான் கசக்குது" என்றார். ஜிக் என்பது வெல்டிங் செய்யும்போது பாகங்களை அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம். கூட்டு வாங்கலின் மொத்தக் கணக்கும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு முறை ஆள் சேர்த்து மேனிஃபோல்டு செய்ய வைத்திருக்கிறேன். முதல் முறை சொதப்பியது, இரண்டாவது ஒழுங்காக முடிந்தது. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எஸ்டீமின் 16 வால்வு 1.3 லிட்டர் இன்ஜினை எடுத்துக்காட்டாக வைக்கிறேன். வேறு வண்டி என்றால் அளவுகள் மாறும், வேலை செய்யும் வரிசை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று. இது ரேஸ் டிராக்குக்கும் ராலிக்கும் கட்டும் வண்டிகளுக்கான பொருள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றிச் சாலையில் ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். குழுவில் சேர்பவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு "நீதானே வாங்கச் சொன்னாய்" என்று உங்கள் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

எத்தனை பேர் வேண்டும்

கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். ஜிக்கும் முதல் மாதிரியும் செய்ய 40,000 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு பீஸுக்கும் பொருளும் கூலியும் 14,000 ரூபாய். தனி ஆளுக்கு 54,000. ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 20,667. பத்துப் பேர் என்றால் 18,000. பதினைந்து பேர் என்றால் 16,667.

ஒன்றிலிருந்து ஆறுக்குப் போகும்போது 33,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். பத்திலிருந்து பதினைந்துக்குப் போனால் வெறும் 1,333. அந்த 1,333 ரூபாய்க்காக இன்னும் ஐந்து பேரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், ஐந்து பேரிடம் காசு வசூலிக்க வேண்டும், ஐந்து பார்சல் கட்ட வேண்டும். என் பரிந்துரை எட்டிலிருந்து பத்துப் பேர். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் அடுத்த சுற்றுக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் பதினேழு பேரைச் சேர்த்தேன். அதில் நான்கு பேர் கடைசி வரை டர்போவே வாங்கவில்லை.

யாரைச் சேர்ப்பது

"ஒரே இன்ஜின்தானே, என்னையும் சேர்த்துக்கோ" என்று கண்டிப்பாக ஒருவர் வருவார். எங்களிடம் ஜிப்ஸிக்காரர் வந்தார். ஜிப்ஸி கிங்கிலும் எஸ்டீமிலும் இருப்பது 1,298 சி.சி. ஜி13 குடும்பத்து இன்ஜின்தான். ஆனால் எஸ்டீமில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ஜிப்ஸியில் நீளவாக்கில். ஹெட்டில் போல்ட் ஆகும் தட்டையான தகடு, அதாவது ஃபிளாஞ்ச், பொருந்தலாம். அதற்கப்புறம் டர்போ நிற்கும் இடம், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பின் வழி எல்லாமே வேறு. பழைய கார்புரேட்டர் எஸ்டீமின் 8 வால்வு ஹெட் என்றால் ஃபிளாஞ்சே வேறு. இப்படி வருபவரை மனசு நோகாமல் அனுப்பிவைப்பதும் ஒருங்கிணைப்பவரின் வேலைதான்.

அதனால் பெயர் எழுதும் முன் ஆளுக்கு ஐந்து கேள்வி. எந்த ஹெட்? ஏ.சி. இருக்கிறதா, கழற்றியாகிவிட்டதா? டர்போ எது, அதன் நுழைவாய் ஃபிளாஞ்ச் டி25 அளவா, டி3 அளவா? அழுத்தம் எல்லை மீறாமல் உபரிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் டர்போவோடு சேர்ந்ததா, தனியா? ரேடியேட்டரும் ஃபேனும் கம்பெனி அளவா, மாற்றியதா? பதில்களை ஒரு ஷீட்டில் போட்டால், பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார்த்தவுடனே தெரியும். எங்களுக்கு டி25 ஃபிளாஞ்சும் டர்போவோடு ஒட்டிய வேஸ்ட்கேட்டும் என்று வந்தது. எட்டுப் பேருக்கு அது சரி. மற்ற மூன்று பேரில் இருவர் அதற்கேற்ற டர்போ வாங்கினார்கள், ஒருவர் விலகினார். அவருக்கும் சேர்த்து இரண்டு விதமாகச் செய்யலாமே என்று மனம் இளகினால் ஜிக்கும் இரண்டாகும், மேலே போட்ட கணக்கு உடைந்துவிடும்.

சில புதிய இன்ஜின்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா 1.0 டி.எஸ்.ஐ.யில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. தனியாகக் கழற்றி மாட்ட அங்கே எதுவும் இல்லை.

எந்தப் பொருளில் செய்வது

இதில்தான் வாட்ஸ்அப் குழுவில் சண்டை வரும். எல்லோருக்கும் பளபளவென்று எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு வேண்டும், சம நீளக் குழாய்கள் வேண்டும், வானவில் கலரில் வெல்டிங் வேண்டும். படத்துக்கு அழகுதான். ஆனால் 1.3 லிட்டர் இன்ஜினுக்குக் குட்டையான, கெட்டியான மேனிஃபோல்டே போதும். குழாய் நீளம் கூடக் கூட விரிசல் விடும் இடங்களும் கூடும், டர்போவின் எடை தொங்கும் தூரமும் கூடும்.

குழாய்க்கு, பாய்லர் லைனில் போடும் வெல்டிங் எல்போக்கள், அதாவது வளைந்த குழாய்த் துண்டுகள்தான் நல்லது. 1¼ அங்குலம் என்று விற்பதன் வெளி விட்டம் 42.2 மி.மீ. ஷெட்யூல் என்பது சுவரின் கனத்தைக் குறிக்கும் எண்: ஷெட்யூல் 10 என்றால் சுவர் 2.77 மி.மீ., ஷெட்யூல் 40 என்றால் 3.56 மி.மீ. எஸ்.எஸ்.ஸில் 304 என்ற கிரேடு எடுத்தால் ஷெட்யூல் 10, எம்.எஸ். எனும் சாதாரண எஃகு எடுத்தால் ஷெட்யூல் 40. பால் பண்ணைக் குழாய்களுக்கு விற்கும் பாலிஷ் போட்ட எல்போ கண்ணைப் பறிக்கும், ஆனால் சுவர் மெலிசு. டர்போவைத் தாங்காது.

எஸ்.எஸ். வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு "ஒட்டலை, 304தான்" என்று நம்பிவிடாதீர்கள். மலிவான 202ம் காந்தத்தில் ஒட்டாது. எல்போவின் முதுகில் கிரேடு, ஷெட்யூல், எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் ஹீட் நம்பர் பொறித்திருக்க வேண்டும். அந்த ஹீட் நம்பருக்கான ஆலைச் சான்றிதழைக் கடையில் கேளுங்கள். பழைய இரும்புக் கடைகளில் 202ஐப் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள், அதில் ஒரு சொட்டு விட்டும் பார்க்கலாம்.

எஸ்.எஸ்.ஸில் இன்னொரு தலைவலி, அது சூட்டில் நீள்வது. எஸ்டீம் ஹெட்டின் ஃபிளாஞ்ச் ஏறத்தாழ 300 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 டிகிரி சூடு ஏறினால் 304 சுமார் 3 மி.மீ. நீள விரும்பும், எம்.எஸ். 2 மி.மீ.க்குச் சற்று மேல். தண்ணீர் ஓடும் அலுமினிய ஹெட் அரை மி.மீ. அளவுக்குத்தான் நீளும். ஃபிளாஞ்ச் முழுச் சூட்டையும் எட்டாது என்றாலும் இந்த இழுபறி உண்மை. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்கள் வளைவதும், ஓரத்துப் புகைவாயில், அதாவது போர்ட்டில் "டிக் டிக்" என்று லீக் சத்தம் வருவதும் இதனால்தான். அதனால் நடுவில் உள்ள ஓட்டைகளை இறுக்கமாகவும், ஓரத்து ஓட்டைகளைப் பக்கவாட்டில் நீள்வட்டமாகவும் வெட்டச் சொல்லுங்கள். எஸ்.எஸ். என்றால் வெல்டிங் முடிந்ததும் போர்ட்டுகளுக்கு நடுவே ஃபிளாஞ்சில் ஒரு வெட்டும் போட்டுவிடுவது நல்லது. ஃபிளாஞ்சின் கனம் 12 மி.மீ. எடுங்கள். கடைசியில் முகத்தை மெஷினில் சமமாகச் சீவும் மில்லிங்கில் கொஞ்சம் போகும்.

எங்கள் இரண்டாவது சுற்றில் எம்.எஸ். ஷெட்யூல் 40தான். துருப் பிடிக்கும், பிடிக்கட்டும். விலையும் பாதி, விரிசல் பயமும் குறைவு.

டிராயிங்கை எப்படி முடிப்பது

ஹெட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே லீக் ஆகாமல் வைக்கும் கேஸ்கெட்டை வைத்து அளவு எடுக்காதீர்கள். கேஸ்கெட் ஓட்டைகள் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட ஹெட் ஒன்றை வாங்குங்கள். அளவுக்கு அதுவே அத்தாட்சி, பிறகு ஜிக்குக்கும் அதுவே அடித்தளம். அதிலிருந்து வரைந்த டிராயிங்கை முதலில் 3 மி.மீ. தகட்டில் லேசர் கட்டிங் கொடுத்து, உண்மையான வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர் வண்டியில் பார்க்க வேண்டும். நம்மூரில் இருபது வருடம் ஓடிய வண்டியில் யார் எந்த ஸ்டட்டை எதற்கு மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்தது டர்போ உட்காரும் இடம். எஸ்டீமில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் இருப்பதால், ஃபேனுக்கும் டர்போவுக்கும் நடுவே கிடைக்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டர்போவின் அளவுக்கு அட்டைப் பெட்டியில் ஒரு பொம்மை செய்து, டேப் ஒட்டி வைத்துப் பார்த்தோம். பானெட் மூடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, எல்லாம் சரி என்று கைதட்டிய பிறகுதான் ஒருவர் கேட்டார்: "ஆயில் எங்க இறங்கும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். டர்போவிலிருந்து ஆயில் பம்ப் அழுத்தத்தில் திரும்புவதில்லை, தானாகவே வழிந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்க வேண்டும். டிரெயின் குழாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, நடுவில் தொய்வு இருக்கக் கூடாது, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். நாங்கள் வைத்திருந்த உயரத்தில் இது நடக்கவே நடக்காது. டர்போவை 40 மி.மீ. உயர்த்தினோம், பானெட் இடித்தது, பிறகு சற்றுச் சாய்த்தோம். இதற்கே இரண்டு ஞாயிறு போயிற்று. பத்து பீஸ் வெல்டிங் முடிந்தபின் தெரிந்திருந்தால்?

ஒவ்வொரு நட்டுக்கும் 12 ஸ்பேனர் போய்த் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாய் நட்டுக்கு மேலேயே வளைந்து வரும்படி டிசைன் செய்துவிட்டுப் பிறகு ஸ்பேனரை அறுத்துக் குட்டையாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் டிராயிங்குக்குத் தேதி, எண் போட்டு, பி.டி.எஃப். ஆக்கி, எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் ஒரு மி.மீ. கூட மாறாது. முதல் சுற்றில் "இதுல ஒரு சென்சார் ஓட்டை மட்டும்" என்று ஒருவருக்கு ஒத்துக்கொண்டேன். மறுவாரம் ஆறு பேருக்கு ஆறு விதமான ஓட்டை.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

விலையை மூன்று இடத்தில் கேளுங்கள், ஆனால் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொட்டேஷனில் என்னென்ன அடங்கும் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்: லேசர் கட்டிங், குழாய் முனைகளை அரம் போட்டு இடைவெளி இல்லாமல் சேர்ப்பது, ஆர்கான் வாயுவோடு செய்யும் டிக் வெல்டிங், வெல்டிங்குக்குப் பின் ஃபிளாஞ்ச் முகத்தை மில்லிங் செய்வது, டர்போ ஃபிளாஞ்சில் மரை வெட்டுவது. மில்லிங்கை விட்டுவிட்டுத்தான் பாதிப் பட்டறைகள் விலையைக் குறைக்கின்றன. ஜிக்கில் இறுக்கி வைத்து வெல்டிங் செய்தாலும், கழற்றியதும் ஃபிளாஞ்ச் வாழைப்பழம் போல வளைந்துதான் வரும்.

எஸ்.எஸ். என்றால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "உள்ளே ஆர்கான் விடுவீங்களா?" குழாய்க்கு உள்பக்கமும் ஆர்கான் நிரம்பியிருந்தால்தான் வெல்டிங்கின் உள்பக்க அடி காற்றில் கருகாமல் சுத்தமாக வரும். எங்கள் முதல் சுற்றைச் செய்த பட்டறை, பெயர் வேண்டாம், விடுகிறோம் என்று சொல்லிவிட்டு விடவில்லை. வெளியே தங்கமும் நீலமுமாக அவ்வளவு அழகு. நண்பர் ஒருவரின் டர்போ இரண்டே மாதத்தில் ஊளையிட ஆரம்பித்தது. கழற்றினால் புகையில் சுழலும் டர்பைன் சக்கரத்து இறக்கைகளின் முனை சிதைந்து போயிருந்தது. சந்தேகம் வந்து என் மேனிஃபோல்டை பவர் ஹாக்சாவில் வைத்து இரண்டாகப் பிளந்தோம். ஒவ்வொரு இணைப்பின் உள்ளேயும் கருகிய சர்க்கரைப் பாகு மாதிரி, கறுப்பாக, பொருபொருவென்று. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. சூட்டில் அந்தத் துணுக்கு கழன்று போய் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரத்தில் அடித்தால் என்ன ஆகும்?

அதனால் இப்போது முதலில் ஒரு எல்போ இணைப்பை மட்டும் காசு கொடுத்துச் செய்ய வைத்து, அறுத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. முகம் சுளிக்கும் பட்டறை வேண்டாம். நல்ல வெல்டர் தானே அறுத்துக் காட்டுவார்.

மாதிரி பீஸ்

ஒரே ஒரு மேனிஃபோல்டு செய்து, ஒரே ஒரு வண்டியில் மாட்டி ஓட்டுங்கள். மீதி ஒன்பதுக்கும் அதுவரை குழாய் அறுக்கவே கூடாது. நன்றாகச் சூடேற்றி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி என்று பத்து முறை. பிறகு கழற்றி, ஃபிளாஞ்ச் முகத்தில் நேர்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய இலைகளான ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.10 மி.மீ. இலை நுழைந்தால் எனக்குத் திருப்தியில்லை. வெல்டிங் மேல் டை பெனட்ரன்ட் அடியுங்கள்: சிவப்பு ஸ்பிரே, துடைத்து, வெள்ளை ஸ்பிரே. விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். மூன்று டப்பா செட் பெரிய செலவில்லை.

காசு

சண்டை வருவது எப்போதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் கறாராக இருங்கள். மூன்று தவணை. முதலில் 1,000 ரூபாய், பெயர் பதிவுக்கு. இது திரும்பக் கிடையாது, மாதிரிச் செலவுக்குப் போகும். இந்த ஆயிரத்தைக் கேட்டதுமே பாதிக் கூட்டம் கலைந்துவிடும், அதுவும் நல்லதே. மாதிரி ஜெயித்தபின் பாதித் தொகை. பீஸ் தயாரானதும், அவரவர் எண் பொறித்த மேனிஃபோல்டின் படத்தை அனுப்பிவிட்டு மீதி.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளம் வரும் கணக்கில் கலந்தால் இரண்டு மாதத்தில் உங்களுக்கே கணக்குப் புரியாது. வரவு செலவு ஷீட் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கட்டும். குழுவில் இன்னொருவர் வாராவாரம் அதைச் சரிபார்க்கட்டும். உங்கள் அலைச்சலுக்கு ஒரு மேனிஃபோல்டு இலவசமாக எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா? தப்பில்லை. ஆனால் அதையும் ஷீட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். நான் பெட்ரோல் செலவு மட்டும் எடுத்துக்கொண்டேன், அதற்கும் ஒருவர் பில் கேட்டார். கொடுத்தேன்.

பட்டறைக்கு மொத்தத்தையும் அட்வான்ஸாகக் கொடுக்காதீர்கள். எல்போவையும் தகட்டையும் நீங்களே வாங்கி இறக்கிவிட்டால், கூலிக்கு மட்டும்தான் அங்கே காசு நிற்கும். ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கெல்லாம் 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தைப் போட்டு யாராவது கொட்டேஷன் நீட்டினால் அவரிடம் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

நடுவில் விலகுபவருக்கு ஒரே விதி: குழாய் அறுக்கும் முன் என்றால் முதல் ஆயிரம் போக மீதி திரும்பும், அறுத்தபின் என்றால் தன் இடத்துக்கு வேறு ஆளைக் கொண்டுவர வேண்டியது அவர் பொறுப்பு. மொத்தத்தில் 5 சதவீதம் கூடுதலாக வசூலித்துக் கையில் வையுங்கள். மிஞ்சினால் திருப்பித் தரலாம், குறைந்தால் திரும்பவும் போய்க் கேட்பது கொடுமை.

வேலை நடக்கும்போது

சனிக்கிழமைதோறும் நேரில் போங்கள், போனில் கேட்டால் "ஆயிட்டே இருக்குதுங்க"தான் பதில். காலண்டரையும் பாருங்கள். ஆயுத பூஜைக்கு மெஷின் துடைத்துப் பொட்டு வைத்தால் இரண்டு மூன்று நாள் வேலை கிடையாது. தீபாவளிக்கும் ஹோலிக்கும் வடநாட்டு வெல்டர்கள் ஊருக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பராமரிப்புக்கான மின்தடை நாளும் உண்டு. பட்டறை மூன்று வாரம் என்றால் குழுவில் ஆறு வாரம் என்று சொல்லுங்கள். தாமதமானால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேலை நிற்பதைப் பொறுப்பார்கள், சத்தமே இல்லாமல் இருந்தால்தான் "காசோடு ஓடிட்டான்" என்ற பேச்சு கிளம்பும்.

ஒவ்வொரு பீஸையும் வாங்கும் முன் அந்தப் பழைய ஹெட்டில் மாட்டிப் பாருங்கள். எல்லா நட்டும் கையாலேயே ஏற வேண்டும். நேர்கோல், ஃபீலர் கேஜ், உள்ளே டார்ச் அடித்து ஒரு பார்வை. சரியென்றால் ஃபிளாஞ்ச் ஓரத்தில் எண் பொறிக்கச் சொல்லுங்கள். எங்கள் பத்தில் ஒன்றில் டர்போ ஃபிளாஞ்ச் 2 டிகிரி திரும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, டவுன்பைப்பை வைத்ததும் தெரிந்துவிட்டது.

பார்சல்

மில்லிங் செய்த முகத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. 12 மி.மீ. பிளைவுட்டை அளவாக அறுத்து, இரண்டு ஃபிளாஞ்சிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். எம்.எஸ். என்றால் முகத்தில் கிரீஸ். பெட்டிக்குள் ஆடாமல் இருக்க வேண்டும். லாரி பார்சல் ஆபீஸ் ரசீதைப் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள்.

கூடவே ஒரு தாளும் வையுங்கள்: பலஅடுக்கு எஃகு கேஸ்கெட் போடுங்கள், முதல் சூட்டுக்குப் பின் ஆறவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், டர்போவின் எடையைத் தாங்க பிளாக்கிலிருந்து ஒரு முட்டுக் கம்பி கொடுங்கள். வெல்டிங் விரிசல் விட்டால் பட்டறை எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்யும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். முட்டு இல்லாமல் ஓட்டி விரிசல் விட்டால் அது கணக்கில் வராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜிக் யாருக்குச் சொந்தம் என்பதை ஆரம்பக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் காசில் செய்த ஜிக்கில் பட்டறை அடுத்த மாதமே வேறு யாருக்கோ செய்து விற்கும். எங்களுடையது இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. போன வாரம் சேலத்திலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.